அறுந்த இழையும் சிறு மின்சாரமும்

(முதியோர் நலம் குறித்த ஒரு பாடம்)



இந்த இதழின் வாசகர்களில் அநேகர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இதை எழுதுகிற நானும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டேன். சாவியை வைத்த இடம் மறந்துபோவதும், எதிரே வந்து தோத்திரம் சொன்னவரின் பெயர் நாவின் நுனியில் நின்றுகொண்டு வெளியே வர மறுப்பதும் நமக்குப் புதிதல்ல. ஆகவே இந்த முறை நாம் படிக்கப்போவது நம்மில் பலருக்கு நெருக்கமான பாடம்.

ஒரு சம்பவத்தோடு தொடங்குகிறேன். ஃபேர்லேண்ட்ஸில் மருத்துவமனைகளுக்கும் ஸ்கேன் எடுக்கும் இடங்களுக்கும் குறைவில்லை. சேலம், நாமக்கல் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் கையில் பெரிய ஃபிலிம் உறையோடு நடந்துபோவதை எந்நாளும் பார்க்கலாம். ஒரு நாள் மாலை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாய் தன் தகப்பனாரைக் கைப்பிடித்து அழைத்துவந்து வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார். பெரியவர் அம்மாப்பேட்டைப் பக்கத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தறி நெய்தவர். இப்போது மகளின் பெயர் சில நாள் நினைவில் இருக்கும். சில நாள் இருக்காது. "கண்ணு" என்று மட்டும் கூப்பிடுவார். சாப்பிட்டு முடித்த பத்தாவது நிமிஷம் சோறு கேட்பார். தறியை விற்றுப் பல வருஷமாகியும், "நாடா எங்க வெச்ச?" என்று தேடுவார்.

அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: "ஐயா, தலையில லேசா கரண்ட் வெச்சா போன நெனப்பு திரும்பி வந்துருமாமுங்க. மிஷினு வீட்டுக்கே வந்துருமாமுங்க. கொடியை அடகு வெச்சு வாங்கிரலாமான்னு பார்க்கறேனுங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் மருத்துவன் அல்ல. வேதசாஸ்திரம் படித்தவன். நோயாளிகளின் பக்கத்தில் உட்காருவது என் ஊழியம். ஆனாலும் "எனக்குத் தெரியாது" என்று சொல்லி அந்தத் தாயை அனுப்பிவிட மனம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வரும்படி கேட்டுக்கொண்டேன். மருத்துவர்களிடம் விசாரித்தும், வாசித்தும் அறிந்துகொண்டதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் சபையிலும் இந்தக் கேள்வியைக் கேட்கிற குடும்பங்கள் இருக்கக்கூடும்.

1. மூளையும் ஒரு தறியே

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அணுக்கள் எத்தனை என்பதைவிட, அவை ஒன்றோடொன்று எப்படி இணைந்திருக்கின்றன என்பதே முக்கியம். நூல் கண்டுகளை மூட்டையாகக் கட்டி வைத்தால் அது வேட்டியாகிவிடாது. பாவும் ஊடையும் முறையாகச் சேர வேண்டும். மூளையும் அப்படித்தான். பேர் சொல்லுவது என்ற ஒரு சிறிய காரியத்துக்குக்கூட, முகத்தை அடையாளம் காணும் பகுதி, பெயரைத் தேடி எடுக்கும் பகுதி, நாவை அசைக்கும் பகுதி எல்லாம் சேர்ந்து உழைக்க வேண்டும். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் சரீரத்தையும் அதன் அவயவங்களையும் உதாரணமாகக் காட்டியதை நாம் அறிவோம். தலைக்குள்ளேயும் அதே ஒழுங்கு இருக்கிறது.

இந்த இணைப்புகளை வெளியிலிருந்து பார்க்க முடியுமா? ஜெர்மனியின் ஜேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924-ஆம் ஆண்டில், தலையின் மேல் கம்பிகளைப் பொருத்தி மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929-இல் அதை வெளியிட்டார். இன்று நம் ஊரிலும் வலிப்பு நோயாளிகளுக்கு எடுக்கிறார்களே, அந்த இ.இ.ஜி. பரிசோதனை அப்படிப் பிறந்ததுதான்.

பிற்பாடு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்தது. அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த இந்திய வம்சாவளியினரான பரத் பிஸ்வால், 1995-இல் ஒரு விசேஷமான காரியத்தைக் கண்டார். ஸ்கேனுக்குள் சும்மா படுத்திருக்கிற ஒருவரின் மூளையிலும், வலது கையை இயக்கும் பகுதியும் இடது கையை இயக்கும் பகுதியும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கைகள் அசையவில்லை, ஆனாலும் அந்த இரண்டு இடங்களின் உறவு நிற்கவில்லை. மூளையின் "இணைப்பு" என்று இன்று ஆராய்ச்சியாளர்கள் பேசுவதற்கெல்லாம் இந்தக் கண்டுபிடிப்பு ஒரு முக்கிய அடித்தளம்.

2. முதுமையில் என்ன நடக்கிறது?

வயதாகும்போது மூளை சற்றே சுருங்குகிறது. தூரத்துப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளின் மேலுறை நைந்துபோகிறது. சேர்ந்து வேலை செய்ய வேண்டிய பகுதிகளுக்குள் தாளம் தளருகிறது. தனித்தனியே தங்கள் வேலையைச் செய்ய வேண்டிய கூட்டங்களோ ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடுகின்றன. வாலிபத்தில் ஒரு பக்க மூளை செய்து முடித்த வேலைக்கு, முதுமையில் இரண்டு பக்கமும் சேர்ந்து பாடுபடுவதை ஸ்கேன் படங்களில் காண்கிறார்கள்.

தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். காலால் மிதிப்பதும் கையால் நாடாவை விடுவதும் ஒரே தாளத்தில் நடக்க வேண்டும். கால் ஒரு கணம் பிந்தினால் நாடா இழையில் சிக்கும். நெசவாளர் இருக்கிறார், நூல் இருக்கிறது, தறி இருக்கிறது. தாளம் மட்டும் பிசகிவிட்டது. சாதாரண முதுமையின் தடுமாற்றத்தில் பெரும்பங்கு இப்படிப்பட்டதே.

மறதி நோய் என்பது வேறு. டிமென்ஷியா என்று மருத்துவர் சொல்லும் அந்த நிலையில் இழைகளே அறுந்துபோகின்றன, அணுக்களே மடிகின்றன. இந்த வேறுபாட்டை வாசகர்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நமக்கு இது தேவைப்படும்.

3. இது எந்த மின்சாரம்?

"தலையில் கரண்ட்" என்றவுடனே நம் ஜனங்களுக்கு நினைவுக்கு வருவது ஷாக் ட்ரீட்மெண்ட். அது 1938-இல் ரோமாபுரியில் செர்லெட்டி, பினி என்ற இரு மருத்துவர்கள் தொடங்கிய சிகிச்சை. ஏறக்குறைய 800 மில்லியாம்பியர் மின்சாரத்தைச் சில விநாடிகள் செலுத்தி, மூளையில் ஒரு வலிப்பை உண்டாக்குகிறார்கள். கடுமையான மனச்சோர்வில் அது இன்றும் உயிர் காக்கிறது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைக் கொடுக்கலாகாது என்று நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

நாம் பேசுவது அதுவல்ல. இதில் பயன்படுவது ஒன்று அல்லது இரண்டு மில்லியாம்பியர் மட்டுமே. உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளை நெற்றியிலோ தலையின் பக்கவாட்டிலோ வைத்துக் கட்டி, சுமார் இருபது நிமிஷம் மின்சாரம் விடுகிறார்கள். நோயாளி விழித்தபடி உட்கார்ந்திருப்பார்; பேசுவார். எறும்பு ஊருவதுபோல் லேசாகக் குறுகுறுக்கும். அறுவை இல்லை, ஊசி இல்லை, மயக்கம் இல்லை.

இதில் இரண்டு வகை உண்டு. டார்ச் லைட் பேட்டரியிலிருந்து வருவதுபோல ஒரே திசையில் ஓடும் மின்சாரம் ஒரு வகை. வீட்டுக் கரண்டைப்போலத் திசை மாறி மாறி ஓடுவது மற்றொரு வகை. ஆனால் இது வீட்டுக் கரண்டின் பலத்தில் அல்ல. மூளையின் அலைகளுக்கு ஏற்ற தாளத்தில் மிக மெல்லியதாக ஓடுவது.

இவ்வளவு சிறிய மின்சாரம் என்ன செய்துவிட முடியும்? அது நரம்பணுவைக் கட்டாயப்படுத்தி இயக்குவதில்லை. ஏற்கெனவே வேலை செய்யத் தயாராக இருக்கும் அணுவை இன்னும் சற்று இலகுவாக்குகிறது. அல்லது சற்று மந்தமாக்குகிறது. 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் என்ற இருவர் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். நேர்முனையை வைத்த இடத்தில் மூளையின் உணர்வு கூடியது. எதிர்முனையை வைத்த இடத்தில் குறைந்தது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அந்த மாற்றம் சில நிமிஷங்கள் நீடித்தது. இன்றைய ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைத்தவை.

4. முதியோரிடத்தில் கண்டது என்ன?

மூன்று ஆய்வுகளை மட்டும் சொல்லுகிறேன்.

முதலாவது, 2013-இல் ஜெர்மனியில் மைன்ஸர் என்பவரும் அவருடைய தோழர்களும் செய்தது. ஆரோக்கியமான இருபது முதியவர்களிடம், ஒரு வகையைச் சொல்லி, அதைச் சேர்ந்த வார்த்தைகளைச் சொல்லும்படி கேட்டார்கள். "மிருகங்களின் பெயரைச் சொல்லுங்கள்" என்று நாம் பிள்ளைகளைக் கேட்பதுபோல. முதியவர்கள் வாலிபரைவிடத் தடுமாறினார்கள். அவர்கள் மூளையின் முன்பகுதி இரண்டு பக்கமும் மிகையாக உழைத்தது. நெற்றியின் இடப்புறத்தில் மெல்லிய மின்சாரம் கொடுத்தபோது அந்த வீண் உழைப்புக் குறைந்தது. வார்த்தைகள் வாலிபருக்குச் சமமாக வந்தன. சும்மா இருக்கும்போது எடுத்த ஸ்கேனிலும் மூளையின் இணைப்புகள் வாலிபருடையதைப்போலக் காணப்பட்டன.

இரண்டாவது, 2019-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ரைன்ஹார்ட், நுயென் இருவரும் செய்தது. 60 முதல் 76 வயது வரையுள்ள 42 பேரையும், இருபதுகளில் உள்ள 42 பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு படத்தைக் காட்டி, சிறிது இடைவெளி விட்டு இன்னொரு படத்தைக் காட்டி, வித்தியாசம் உண்டா என்று கேட்டார்கள். முதியவர்களின் மூளையில் முன்பகுதிக்கும் பொட்டுப் பக்கத்துப் பகுதிக்கும் இடையே தாளம் பிசகியிருந்தது. அந்தத் தாளத்துக்கு ஏற்றபடி திசை மாறும் மின்சாரத்தை 25 நிமிஷம் கொடுத்தார்கள். இரண்டு பகுதிகளும் மறுபடி ஒத்திசைந்தன. முதியவர்கள் வாலிபருக்குச் சமமாகப் பதில் சொன்னார்கள். அளந்து பார்த்த 50 நிமிஷம் வரையிலும் பலன் நிலைத்தது.

மூன்றாவது, அதே ரைன்ஹார்ட் குழுவினர் 2022-இல் வெளியிட்டது. 65 முதல் 88 வயது வரையுள்ள 150 பேர். நாளுக்கு இருபது நிமிஷமாக நான்கு நாள். இருபது வார்த்தைகளைக் கேட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். மூளையின் ஓரிடத்தில் ஒரு தாளத்தில் கொடுத்தபோது பட்டியலின் கடைசியில் வந்த வார்த்தைகள் நன்றாக நினைவில் நின்றன. வேறோர் இடத்தில் வேறொரு தாளத்தில் கொடுத்தபோது முதலில் வந்த வார்த்தைகள் நின்றன. பலன் ஒரு மாதம் வரை இருந்தது. தொடக்கத்தில் நினைவு மந்தமாக இருந்தவர்களே அதிகம் பயன் பெற்றார்கள்.

பிரியமானவர்களே, இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. "வயசாகிப்போச்சு, இனி என்ன இருக்கு" என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். முதிய மூளை பூட்டிச் சாவியைத் தொலைத்த வீடு அல்ல என்பதற்கு இந்த ஆய்வுகள் சாட்சி. தாளம் பிசகியது மறுபடி கூடக்கூடும். எழுபது வயது மூளையும் மாறவும் கற்கவும் திறனுள்ளது.

5. ஆனால் அவசரப்பட வேண்டாம்

இதே ஆய்வுகளை நிதானமாக வாசித்தால் நான்கு எச்சரிக்கைகளும் தெரியும்.

அ) சேர்ந்தவர்கள் ஆரோக்கியமானவர்கள். மறதி நோய் வந்தவர்கள் அல்ல. தாளம் பிசகிய தறியைச் சரிசெய்வது வேறு, அறுந்துபோன பாவை மறுபடி ஓட்டுவது வேறு. முன்னே நான் வேறுபாட்டைச் சொன்னது இதற்காகத்தான். மறதி நோயாளிகளிடமும் பரிசோதனைகள் நடந்துவருகின்றன. ஆனால் போன நினைவை இந்த மின்சாரம் மீட்டுத் தரும் என்று யாராவது உறுதி கொடுத்தால் அது உண்மையல்ல.

ஆ) பலன் எல்லோருக்கும் ஒன்றல்ல. 2015-இல் ஆஸ்திரேலியாவில் ஹார்வத் என்பவரும் அவர் தோழர்களும், ஒரே ஒரு முறை மின்சாரம் கொடுத்துச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஆரோக்கியமானவர்களின் அறிவுத்திறனில் நம்பத்தக்க பலன் காணவில்லை என்று எழுதினார்கள். 2018-இல் மற்றொரு குழு, இறந்தவர்களின் சரீரங்களில் அளந்து, தலையில் வைக்கும் மின்சாரத்தில் சுமார் முக்கால் பங்கு தோலிலும் மண்டையோட்டிலுமே தடைபட்டுவிடுகிறது என்று காட்டியது. ஆகவே அறிஞர்களுக்குள்ளேயே இதைக் குறித்து வாதம் ஓயவில்லை.

இ) எந்த இடம், எந்தத் தாளம், எவ்வளவு நேரம், அப்போது அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். ஒரு திறன் கூடும்போது மற்றொன்று குறையவும் கூடும். இந்தக் காரணங்களை எடுத்துக்காட்டி, தாங்களாகவே வீட்டில் மின்சாரம் வைத்துக்கொள்ளுகிறவர்களை எச்சரித்து, 2016-இல் இத்துறை ஆராய்ச்சியாளர்கள் பலர் சேர்ந்து ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். இத்துறையில் உழைக்கிறவர்களே "பொறுங்கள்" என்று சொல்லும்போது, விற்பனையாளரின் அவசரத்துக்கு நாம் செவிகொடுக்க வேண்டியதில்லை.

ஈ) மருத்துவமனையில் முறைப்படி செய்யும்போது பெரும்பாலும் வருவது லேசான அரிப்பு, தோல் சிவத்தல், தலைவலி மட்டுமே. ஆனால் பஞ்சு காய்ந்துவிட்டால் தோல் வெந்துபோகும். வலிப்பு உள்ளவர்கள், தலைக்குள் உலோகத் தகடோ கருவியோ உள்ளவர்கள், இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதன் பக்கம் போகக்கூடாது. நம் முதியோரில் இப்படிப்பட்டவர்கள் குறைவல்ல.

6. நம் தேசத்தில்

இது அயல்நாட்டுக் கதை மட்டுமல்ல. சேலத்திலிருந்து ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் பெங்களூரில், நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தில் இந்த மெல்லிய மின்சாரத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். டாக்டர் கணேசன் வெங்கடசுப்பிரமணியனும் அவர் குழுவினரும், மருந்து சாப்பிட்டும் காதில் குரல்கள் கேட்பது நிற்காத மனச்சிதைவு நோயாளிகளுக்கு இதைக் கொடுத்து ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இருபது நிமிஷம், நாளுக்கு இரண்டு முறை, ஐந்து நாள் என்பது அவர்கள் கையாண்ட முறைகளில் ஒன்று. முதியோரின் மறதிக்கு அல்ல, வேறொரு நோய்க்கு. அதுவும் மருந்தை நிறுத்தாமல், நிபுணர் கண்காணிப்பில். இந்தச் சிகிச்சையின் சரியான இடம் அப்படிப்பட்டது.

பெங்களூரிலேயே இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டத்தின் ஸ்ரீநிவாசபுரா வட்டாரக் கிராமங்களில் 45 வயதைக் கடந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து வருகிறது. பத்தாயிரம் பேரைச் சேர்ப்பது அதன் இலக்கு. ஏர் பிடித்தவர்களும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் எப்படி முதுமை அடைகிறார்கள், அவர்கள் மூளை எப்படி மாறுகிறது என்று அறிய முயலும் அந்த வேலை நமக்கு மிகவும் வேண்டியது. அமெரிக்கக் கல்லூரி ஊர்களில் கண்டதெல்லாம் நம் கிராமத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாதல்லவா?

ஏன் இவ்வளவு அக்கறை? 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஓர் ஆய்வின்படி, நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதி நோய் இருக்கிறது. ஏறக்குறைய 88 இலட்சம் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோரை ஒரு மகளோ மருமகளோ மனைவியோ வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுகிறார்கள்.

7. இன்றே நம் கையில் இருப்பது

இழைகளைக் காக்கும் வழிகளில் உறுதியாகத் தெரிந்தவை உண்டு. அவற்றுக்கு மெஷின் வேண்டாம்.

2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், மறதி நோய்க்கு இட்டுச்செல்லும் காரணங்களில் நாம் மாற்றக்கூடியவை 14 என்று பட்டியலிட்டது. அவை அனைத்தையும் சரிசெய்தால், மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. படிப்புக் குறைவு, காது கேளாமை, பார்வைக் குறைவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, உடற்பருமன், புகை, மிதமிஞ்சிய குடி, உடலுழைப்பின்மை, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு ஆகியவையே அந்தப் பதினான்கு.

இதை வாசித்தபோது நான் வியந்தேன். காது கேட்காதவருக்குக் காது மெஷின், கண்புரைக்கு அறுவை, அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தினசரி மாத்திரை, வண்டி ஓட்டும்போது ஹெல்மெட், மாலையில் ஒரு நடை, தனியாக இருக்கும் பெரியவரோடு அரைமணி நேரப் பேச்சு. இவை எல்லாம் எந்தச் சிற்றூரிலும் செய்யக்கூடியவை. காது கேளாதவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சிலிருந்து விலகுகிறார். பேச்சிலிருந்து விலகியவரின் மூளைக்கு வேலை குறைகிறது. வேலை இல்லாத இழை நைந்துபோகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறதி எல்லாமே மறதி நோய் அல்ல. பி-12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் விளைவு, விழுந்து அடிபட்டபின் தலைக்குள் மெல்லக் கசியும் இரத்தம், சிறுநீர்த் தொற்று ஆகியவையும் முதியவரைக் குழப்பிவிடும். இவற்றில் பல மருந்தால் தீரக்கூடியவை. ஆகவே நகையை அடகு வைக்கும் முன்னே ஓர் இரத்தப் பரிசோதனையும் மருத்துவரின் முழுமையான பரிசோதனையும் அவசியம்.

மொழியைக் குறித்தும் ஒரு வார்த்தை. டாக்டர் சுவர்ணா அல்லாடியும் அவர் குழுவினரும் ஹைதராபாத்தில் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசினவர்களைவிட, இரண்டு மொழி பேசினவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு பிந்தி வந்திருந்தது. எழுத்தறிவில்லாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. பிற தேசத்து ஆய்வுகள் எல்லாம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆயினும், வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ பேசி, கடைவீதியில் தமிழ் பேசும் நம் சேலத்துப் பெரியவர்கள் இதைக் கேட்டு மகிழலாம்.

8. அந்தப் பெரியவர்

இரண்டு நாள் கழித்து அந்தத் தாய் வந்தார். அறிந்ததை எளிமையாகச் சொன்னேன். "மெஷின் பொய் என்று சொல்லமாட்டேன் அம்மா. அது இன்னும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் அப்பாவைப்போன்ற நோய் உள்ளவர்களுக்கு அது பரீட்சையில் தேறவில்லை. கொடியை வைக்காதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள்" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதுங்களா?" என்றார். அந்தக் கேள்வியிலிருந்த பாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பரிசோதனையில் பெரியவருக்கு மறதி நோய்தான் என்று தெரிந்தது. அதோடு சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தது. இரண்டு காதும் மந்தம். சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காயிற்று. ஒரு காதுக்கு மெஷின் வைத்தார்கள். தலைக்கு வாங்க நினைத்தது காதுக்கு வந்தது, அதுவும் குறைந்த செலவில். நினைவு திரும்பவில்லை. ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார், கத்த வேண்டியதில்லை, அதனால் வீட்டில் கோபம் குறைந்தது.

பிறகு மகளுக்கே ஒரு யோசனை தோன்றியது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பழைய இராட்டையை வாங்கி முன்னே வைத்தார். பெரியவர் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்து தார் சுற்றத் தொடங்கிவிட்டார். இழை அறுந்தபோது விரல்கள் தாமாக முடிபோட்டன. பெயரை மறந்தவருக்குத் தொழில் மறக்கவில்லை. கைப்பழக்கத்தைக் காக்கும் மூளைப் பகுதிகளை இந்த நோய் தாமதமாகவே தொடுகிறது என்று மருத்துவர் விளக்கினார். "நாடா எங்க வெச்ச?" என்ற கேள்வியும் இப்போது குறைந்துவிட்டதாம். மகள் மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றிய தாரை எண்ணிச் சொல்லுகிறார். அவர் "ம்ம்" என்கிறார்.

ஒரு நாள் முதியோருக்கு ஏற்ற, மலிவான, நிரூபிக்கப்பட்ட மின்சாரச் சிகிச்சை வரக்கூடும். வந்தால் நன்றியோடு ஏற்றுக்கொள்ளுவோம். அதற்காக உழைக்கிறவர்கள் நம் மரியாதைக்குரியவர்கள். அது வரும் வரை, அந்த மகள் உட்கார்ந்த இடத்தில் நாமும் உட்காரலாம். இணைப்பு தலைக்குள் மட்டும் இல்லை. ஒரு பெரியவருக்கும் அவர் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவிலும் இருக்கிறது.

கலந்து பேச:

1. உங்கள் சபையில் காது கேளாமையால் அல்லது பார்வைக் குறைவால் ஒதுங்கிப்போன முதியவர் யார்? இந்த வாரம் அவரைப் பரிசோதனைக்கு யார் அழைத்துப்போகலாம்?

2. மறதியுள்ள ஒருவரை வீட்டில் பார்த்துக்கொள்ளும் மகளோ மருமகளோ ஒரு மத்தியானம் ஓய்வெடுக்க, நாம் என்ன செய்யலாம்?

3. "நிச்சயம் குணமாகும்" என்று விற்கப்படும் ஒரு கருவியைக் குறித்து யாராவது உங்களிடம் கேட்டால், பணம் கொடுக்குமுன் அவர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை? (யாரிடம் சோதித்தார்கள்? எத்தனை நாள் பலன் இருந்தது? என் மருத்துவர் என்ன சொல்லுகிறார்?)

4. உங்கள் வீட்டுப் பெரியவரின் கைகள் இன்னும் மறக்காத வேலை எது? அதை அவர் முன்னே வைத்துப் பாருங்கள்.

குறிப்பு: முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணிலும், மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.